லண்டனுக்கு நான் வரவில்லை, மாப்ள

மாப்ள,

ஸ்பார்க்ஸ் இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு என்னை லண்டனுக்குக் கூட்டிப்போகிறேன் என்று குரூப்பில் நீ போட்ட செய்தியைப் பார்த்துவிட்டேன் என்பதற்காக ஒரு கட்டைவிரல் போட்டேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வாழ்த்து குவிந்துவிட்டது. ஒருத்தன் லண்டன் குளிருக்கு எந்தக் கடையில் ஸ்வெட்டர் வாங்கலாம் என்றுகூட எழுதியிருந்தான். நீ எல்லார் முன்னாடியும் கூப்பிட்டாய், அதனால் நானும் எல்லார் முன்னாடியும் சொல்கிறேன். ஸ்பார்க்ஸ் அடுத்து எப்போது லண்டனில் மேடை ஏறினாலும் சரி, டிக்கெட், விசா, விமானம் எல்லாம் நீ போட்டாலும் சரி, நான் வரவில்லை.

போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் நீ என்னைப் பேசவிட மாட்டாய்.

"ரானுக்கு எண்பது ஆயிருச்சுடா, இனிமே எப்ப பாக்கப் போற" என்று எழுதியிருந்தாய். 2025 ஆகஸ்ட் 12 அன்று ஆனது, எனக்கும் தெரியும். நம் ஊராக இருந்தால் சொந்தக்காரர்கள் வேன் பிடித்துத் திருக்கடையூருக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அந்த மனுஷன் அதே வருஷம் மே மாதம் ஒரு புது ஆல்பத்தை வெளியிட்டுவிட்டுத் தம்பியோடு ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டிருந்தார். தம்பிக்கே அப்போது எழுபத்தாறு.

இந்தப் பத்தியை நீ தாண்டிவிடு, இது குரூப்பில் "யாருடா அந்த ஸ்பார்க்ஸ்" என்று கேட்டவர்களுக்கு. ரான் மேல், ரசல் மேல், லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து அண்ணன் தம்பி. 1971இல் வேறு பெயரில் முதல் ஆல்பம், அடுத்த வருஷம் ஸ்பார்க்ஸ் என்று பெயர் மாற்றம், இன்னும் நிறுத்தவில்லை. தம்பி பெண் குரல் உயரத்துக்குப் பாடிக்கொண்டே மேடை முழுக்கக் குதிப்பார். அண்ணன் சின்ன மீசையோடு கீபோர்டு முன்னால் அசையாமல் உட்கார்ந்து கூட்டத்தை முறைத்துக்கொண்டிருப்பார், சிரிக்கவே மாட்டார். பாட்டு பெரும்பாலும் அவர் எழுதுவது. கீபோர்டில் இருக்கும் ரோலண்ட் என்ற கம்பெனிப் பெயரின் எழுத்துகளை இடம் மாற்றி ரொனால்ட் என்று தன் பெயராக ஆக்கி வைத்திருப்பார். நிகழ்ச்சியில் ஏதோ ஒரு பாட்டின் நடுவில் திடீரென்று எழுந்து வந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, காலை உதறி உதறிக் கொஞ்ச நேரம் ஆடுவார். அப்புறம் ஒன்றுமே நடக்காதது மாதிரி போய் உட்கார்ந்து மறுபடி முறைப்பார். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே வருஷா வருஷம் டிக்கெட் வாங்குகிறவர்கள் உண்டு.

நம் ரசிகர் மன்ற நோட்டீஸ் கதையை நான் எழுதப் போவதில்லை, குரூப்பில் நீயே எழுதிவிட்டாய், அதுவும் தப்பாக. கறுப்பு வெள்ளையில் ரான் முகத்தைப் பார்த்துக் கண்ணீர் அஞ்சலி என்று நினைத்து "எப்பப்பா தவறினாரு?" என்று கேட்டது டீக்கடை அண்ணன் இல்லை, பூக்கார அம்மா. ஸ்கிரீன் பிரிண்ட் போட்டது எங்கள் கடையில், மை வாங்கிய காசு என்னுடையது. மன்றத் தலைவர் என்று அதில் உன் பெயர்தான் முதலில் இருந்தது. செயலாளராக இருக்க நான்தான் ஒத்துக்கொண்டேன், சரி. மதுரையில் தலைவரும் செயலாளரும் மட்டுமே இருந்த, தொண்டரே இல்லாத ஒரே ரசிகர் மன்றம் அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது 2008க்கு வருகிறேன். இதை நீ வேறு மாதிரி ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று உன் செய்தியைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

அந்த வருஷம் மே, ஜூனில் அவர்கள் லண்டனில் ஒரு ராத்திரிக்கு ஓர் ஆல்பம் என்று முதலிலிருந்து வரிசையாக எல்லாவற்றையும் வாசித்தார்கள். இஸ்லிங்டனில் 20 ராத்திரி, புது ஆல்பத்துக்கான 21ஆவது ராத்திரி மட்டும் வேறு அரங்கில். இருநூறுக்கும் மேற்பட்ட பாட்டுகள், அதில் பலவற்றை அவர்களே மறந்துபோயிருப்பார்கள். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். இதை எந்தக் கணக்கப்பிள்ளையும் ஒத்துக்கொள்ள மாட்டார். அந்த ஆல்பங்களில் பாதி ஓடாதவை. ஓடாத ஆல்பத்துக்கும் அதே அக்கறை, அதே ஒரு ராத்திரி. அந்த நிகழ்ச்சிப் பட்டியலைப் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து நான் கடைச் சுவரில் ஒட்டியிருந்தேன். கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த ஒருவர் அதை முகூர்த்த நாள் பட்டியல் என்று நினைத்து விரல் வைத்துப் பார்த்தார்.

நீ போவதாக இருந்தது 16ஆவது ராத்திரி. 1994 ஆல்பம், நம் கேசட். மெயிலில் பேசி முடிவு பண்ணினோம். நீ போனது மூன்றாவது ராத்திரி, 1974 ஆல்பம். "அதுதான்டா அவங்களோட பெரிய ஹிட்டு" என்றாய். ஆமாம், பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போன பாட்டு அதில்தான் இருக்கிறது, யார் இல்லை என்றது? உலகமே அந்த ராத்திரிக்குத்தான் போகும். ஓடாமல் கிடந்த காலத்தின் ஆல்பத்துக்குப் போகிறவன்தானே ரசிகன்? 1988க்குப் பிறகு ஆறு வருஷம் ஆல்பமே இல்லை. ஒரு ஜப்பானிய காமிக்ஸைப் படமாக்குகிறோம் என்று டிம் பர்ட்டன் பெயரெல்லாம் சேர்ந்த ஒரு திட்டத்துக்காக வருஷக்கணக்கில் இசை போட்டார்கள், அந்தப் படம் வரவே இல்லை. அதற்கு முன்பு, எழுபதுகளில், பிரெஞ்சுக்காரர் ழாக் தாத்தி படத்தில் நடிக்கப்போய் அதுவும் நின்றுபோனது. இதையெல்லாம் தாண்டி அவர்கள் எழுந்து வந்த ஆல்பம் அது. ஜெர்மனியில் அதில் ஒரு பாட்டு பிய்த்துக்கொண்டு போனதால்தான் கப்பலில் வேலை பார்த்த உன் மாமா ஹாம்பர்க்கிலிருந்து அந்தக் கேசட்டை வாங்கிக்கொண்டு வந்தார், இல்லையென்றால் மதுரைக்கு எப்படி வந்திருக்கும்?

சரி, அந்த ராத்திரி. இங்கே மணி ஒன்றரை இருக்கும். போன் அடித்ததும் அம்மா எழுந்து உட்கார்ந்து "யாருடா, யாரும் போய்ட்டாங்களா?" என்று கேட்டார். அந்நேரத்துக்கு நம் வீடுகளுக்கு வேறு எதற்குப் போன் வரும்? நான் "இல்லம்மா, பாட்டு" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். வில்லாபுரத்தில் அன்றைக்குக் காற்றே இல்லை, தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, மோட்டாரை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. நீ "கேளுடா கேளுடா" என்று கத்தினாய். அப்புறம் ஒரே இரைச்சல். ரசல் குரல் என்று நான் நினைத்தது ஒரு விசில் சத்தம். கொஞ்சம் பழகிய பிறகுதான் அந்த இரைச்சலுக்குள் ஒரு மெட்டு இருப்பது பிடிபட்டது. அது ரசல் இல்லை மாப்ள, கூட்டம். நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள், வார்த்தை பிசகாமல், அந்த வேகத்துக்கு. அதுவரைக்கும் அந்தப் பாட்டெல்லாம் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று என் உடம்பு நம்பிக்கொண்டிருந்திருக்கிறது. புத்திக்கு உண்மை தெரியும், உடம்புக்குத் தெரியாது. எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று நீ மறுநாள் கேட்டாய், ரொம்ப என்றேன். பொய் இல்லை. ஆனால் யாரோ எங்கள் வீட்டுக்குள் செருப்போடு வந்துவிட்ட மாதிரியும் இருந்தது.

எல்லாரையும்விட உன் குரல்தான் தெளிவாகக் கேட்டது. போனுக்குப் பக்கத்தில் இருந்தவன் நீதானே. சுருதி சுத்தமாக இல்லை. இரண்டாவது சரணத்தில் வரி தெரியாமல் ஓ ஓ என்று இழுத்தாய். அதைக் கேட்டுக்கொண்டு நான் அங்கே நின்று சிரித்தேன். இதைச் சொல்லக்கூடாது என்று இருந்தேன், சொல்லிவிட்டேன்.

பாட்டு முடிந்தும் நீ போனை வைக்கவில்லை, சட்டைப் பையில் போட்டுவிட்டாய் போல. ஐஎஸ்டி காசு ஓடுகிறதே என்று இங்கே எனக்குப் பதைப்பு. பக்கத்தில் இருந்த ஒருவர் யாருக்குப் போன் போட்டாய் என்று கேட்டார். அது யார் என்று இங்கே எழுத மாட்டேன், உன் வீட்டிலும் படிப்பார்கள், அது இந்தக் கடிதத்துக்குத் தேவையும் இல்லை. நீ இங்கிலீஷில் சொன்னது மட்டும் நன்றாகக் கேட்டது. "எங்க ஊர்ப் பையன் ஒருத்தன், நான்தான் அவனுக்கு இவங்களை அறிமுகப்படுத்தினேன்." அப்புறம் இரண்டு பேரும் சிரித்தீர்கள்.

குரூப்பிலும் அதையேதான் எழுதியிருக்கிறாய். "நான் பழக்கிவிட்ட பையன், நானே கூட்டிட்டுப் போறேன்" என்று.

கேசட் உன் மாமா கொண்டுவந்தது, மறுக்கவில்லை. நீ ஒரு பக்கம் கேட்டுவிட்டு "என்னடா இது, பொம்பளையா ஆம்பளையா" என்று என் கையில் கொடுத்தாய். மேலே டேப் பதிந்துகொள்ளச் சொன்னாய். அந்த நாளில் கேசட்டின் மூலையில் இருக்கும் ஓட்டையைத் தாளால் அடைத்து வேறு பாட்டு பதிவது வழக்கம், நானும் ஒரு ராத்திரி அடைத்தேன், பதிய மனசு வரவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டு நடுவே பிளேயர் டேப்பைக் கடித்துவிட்டது. கசங்கின துண்டைப் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு செலோ டேப் ஒட்டினேன். அதிலிருந்து அந்தப் பாட்டு அந்த இடத்தில் ஒரு சொல்லை விழுங்கிவிட்டுத் தாவும். பல வருஷம் கழித்து யூடியூபில் முழுசாகக் கேட்டபோது அந்தச் சொல் எனக்கு அதிகப்படியாகத் தெரிந்தது, இன்றைக்கும் அந்த இடம் வந்தால் நான் தாவிவிடுகிறேன். நான் கேட்டுக் கேட்டுச் சொன்ன பிறகு, ஒரு மாதமோ என்னவோ கழித்துத்தான், நீ திரும்பக் கேட்டாய். யார் யாரைப் பழக்கினது?

சின்ன விஷயம்தான். நாற்பத்தெட்டு வயதில் இதற்கு ஒருத்தன் சண்டை போடுவானா என்று குரூப்பில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இவர்கள்மேல் பிடிப்பு உள்ளவர்கள் எல்லாருக்கும் இந்தப் புத்தி உண்டு, நான் முன்னாடி, நீ பின்னாடி என்று. 2021இல் எட்கர் ரைட் அவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்து, பிரபலங்கள் வரிசையாக வந்து புகழ்ந்தபோது எனக்குப் பாதி பெருமை, பாதி எரிச்சல். இவ்வளவு நாள் எங்கேப்பா இருந்தீர்கள்? அதே வருஷம் அவர்கள் எழுதி இசையமைத்த படம் கான் விழாவைத் தொடங்கிவைத்தது. 2023இல் கிளாஸ்டன்பரி மேடையில் கேட் பிளான்செட் மஞ்சள் கோட் சூட்டில் வந்து பக்கத்தில் நின்று ஆடினார். அந்த வீடியோவை நீ எனக்கு அனுப்பியபோது நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்று பதில் போட்டேனே, அப்போது பார்த்திருக்கவில்லை.

வராததற்குக் காரணம் இது மட்டும் இல்லை. அம்மாவைத் தனியாக விட முடியாது. ஆவணி முகூர்த்தம் வந்தால் கடையைப் பூட்ட முடியாது. விசாவுக்குக் காட்ட என் வங்கிக் கணக்கில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும், நீ கியாரண்டி கொடுப்பாய் என்பதும் தெரியும். அந்தக் கியாரண்டிதான் வேண்டாம் என்கிறேன். உன் செலவில் வந்து, உன் பக்கத்தில் நின்று, நீ யாரிடமோ சொல்கிற கதையில் வரும் பையனாக அந்த அண்ணன் தம்பியைப் பார்க்க எனக்கு முடியாது. மன்னித்துக்கொள். ஆனால் முடியாது.

"நீங்க ரெண்டு பேரும் நம்ம ஊரு ஸ்பார்க்ஸ்" என்று ஒருத்தன் இதயம் போட்டிருந்தான். அவர்கள் ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஒன்றாக வேலை பார்க்கிறவர்கள், இப்போதும் ரசல் வீட்டு ஸ்டூடியோவில் உட்கார்ந்து. நாம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசுகிறவர்கள். உன் அப்பா விஷயத்தைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். தத்தனேரி சுடுகாட்டுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், நீ வர முடியாத நிலைமை எனக்கும் தெரியும், அதற்காக உன்னிடம் ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அந்த அரங்கங்களில் நிற்க வேண்டுமாமே, உட்கார இடம் இருக்கிற டிக்கெட்டாகப் பார்த்து வாங்கு. எனக்கு என்று நினைத்ததில் உன் மகளைக் கூட்டிக்கொண்டு போ. போன தடவை வீடியோ காலில் "அந்த மீசைத் தாத்தா ஏன் மாமா சிரிக்கவே மாட்டேங்கிறாரு?" என்று என்னிடம் கேட்டாள், இங்கிலீஷ் கலக்காமல் கேட்டாள். பதிலை நேரிலேயே பார்க்கட்டும். அவர் எழுந்திருக்கும் நேரத்தில் அவள் போனைப் பார்த்துக்கொண்டிருக்காமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும், எந்தப் பாட்டில் எழுந்திருப்பார் என்று முன்கூட்டியே சொல்லிக் கெடுத்துவிடாதே. எனக்குப் போன் போடாதே, அம்மா பயந்துவிடுவார்.

டீ-ஷர்ட் விற்றால் ஒன்று வாங்கி வை. எக்ஸ்எல். காசை நான் ஜிபேயில் உன் தம்பிக்கு அனுப்பிவிடுகிறேன். கறுப்பு மட்டும் வேண்டாம், நம் ஊர் வெயிலுக்கு ஆகாது.