'வைரஸே வராது' என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், 'மேக்கோ லினக்ஸோ வாங்கிவிட்டால் வைரஸ் கவலையே இல்லை' என்று ஒரு வரி வந்திருக்கிறது. கணினியில் பக்கம் வடிவமைக்கும் டிடிபி தொழிலில், ஆப்பிள் கம்பெனியின் மேக் கணினியோடே காலம் தள்ளியவன் நான். படித்ததும் மனது கஷ்டமாகிவிட்டது.

1998இல் 'ஆட்டோஸ்டார்ட்' புழு (தானாகவே பரவும் வைரஸ் மாதிரி) வந்தது தங்களுக்கு நினைவிருக்கும். ஹாங்காங் பக்கம் தலைகாட்டி, அச்சுத் தொழிலில் இருந்த மேக்குகளில் மளமளவென்று பரவியது. சிடியைச் செருகினால், படம் பார்க்க மேக்கில் இருக்கும் குவிக்டைம் மென்பொருள் தானாகவே அதை இயக்கிவிடும், அவ்வளவுதான். வாடிக்கையாளர் கொண்டுவந்த சிடியில் எங்கள் கடைக்கும் வந்தது. யாரும் தொடாமலே ஹார்டு டிஸ்க் அவ்வப்போது ஓடும். கும்பாபிஷேக மலருக்குச் செய்து வைத்திருந்த கோப்புகள் சில திறக்கவே இல்லை. பார்க்க வந்த சர்வீஸ்காரர், "மேக்கில் ஏது சார் வைரஸ்? உங்கள் ஆட்கள் எதையாவது அழித்திருப்பார்கள்" என்று சொல்லி, அதற்கும் பில் போட்டார். குவிக்டைமில் சிடியைத் தானாக இயக்கச் சொல்லும் ஒரே ஒரு டிக்கை எடுத்திருந்தால் தப்பித்திருப்போம். அதைத் தமிழில் எங்களுக்குச் சொல்ல அன்று ஆள் இல்லை. இன்று தாங்கள் இருக்கிறீர்கள் என்றுதான் சந்தா கட்டுகிறேன்.

ஐபிஎம் பிசிகளைத் தாக்கிய 'பிரெய்ன்' வைரஸ் 1986இல்தான் வந்தது. அதற்கு முன்பே, 1982இல், ரிச் ஸ்கிரென்டா என்ற பள்ளி மாணவர் எழுதிய 'எல்க் குளோனர்' ஆப்பிள் 2 கணினிகளில் பிளாப்பி வழியாகப் பரவியது. 2012இல் 'ஃபிளாஷ்பேக்' என்ற தீய மென்பொருள் ஆறு லட்சம் மேக்குகளுக்கு மேல் பிடித்தது. அது நுழைந்தது ஜாவா மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக; ஜாவாவைத் தயாரிக்கும் ஆரக்கிள் கம்பெனி அதைப் பிப்ரவரியிலேயே அடைத்துவிட்டது. ஆப்பிளின் திருத்தம் ஏப்ரலில்தான் வந்தது. 'பிசி வைரஸ்கள் இதற்கு வராது' என்று தன் தளத்தில் போட்டிருந்ததை அந்த ஆண்டே ஆப்பிள் எடுத்துவிட்டது. விற்பவர்களே கைவிட்ட வாசகத்தைத் தாங்கள் ஏன் எழுத வேண்டும்? விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம் லினக்ஸும் அப்படித்தான். 2016இல் 'மிராய்' என்ற தீய மென்பொருள் பிடித்ததெல்லாம் லினக்ஸில் ஓடும் கண்காணிப்பு கேமராக்களும் ரவுட்டர்களும். கம்பெனி போட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றாததுதான் அதற்கு வழி.

விண்டோஸை விட இவற்றுக்குத் தொல்லை குறைவு என்றால் ஒப்புக்கொள்கிறேன். குறைவு என்று எழுதியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. என் தங்கை மகன் ஓசியில் கிடைத்த வீடியோ எடிட்டிங் மென்பொருளை இறக்கினான். அது பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தான். சேமித்து வைத்திருந்த கணக்குகள் எல்லாம் போயின. "மேக்குக்கு ஒன்றும் ஆகாது என்றுதானே மாமா எல்லாரும் சொல்கிறார்கள்" என்றான். அவனை நான் என்ன சொல்ல?

கேள்வி பதில் பகுதியில் முன்பு ஒரு வாசகர் இதையே கேட்டபோது, 'ஷோரூமில் விசாரியுங்கள்' என்று பதில் போட்டீர்கள். அது பற்றி நான் எழுதிய கடிதம் வரவில்லை. லேப்டாப் விளம்பரங்களுக்கு மட்டும் முழுப் பக்கம் கிடைக்கிறது.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள்: எந்தக் கணினியானாலும் அப்டேட்டைத் தள்ளிப்போட வேண்டாம், திருட்டு மென்பொருள் வேண்டாம், கேட்ட இடத்திலெல்லாம் பாஸ்வேர்டு தர வேண்டாம் என்று. இடம் போதாவிட்டால் என் கடிதத்தை விட்டுவிடுங்கள், அது மட்டும் வரட்டும்.

இப்படிக்கு,
நீண்ட நாள் சந்தாதாரர்,
சிவகாசி.