கான்பெராவிலிருந்து மாமாவுக்கு

கான்பெரா,
ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கு நான், கலா, பிள்ளைகள் அனைவரும் நலம். தங்கள் நலத்தையும் அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதையும் அறிய ஆவல். தம்பியிடம் கேட்டால் ‘பரவாயில்லை’ என்ற ஒரு சொல்லுக்கு மேல் அவன் வாயிலிருந்து எதுவும் வருவதில்லை. தாங்களே எழுதினால்தான் உண்டு.

தாங்கள் அனுப்பிய காணொளியை முழுவதும் பார்த்தேன். அதை அனுப்பிவிட்டுத் தாங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் தொலைபேசியில் பதில் சொல்லத் தொடங்கினால், வழக்கம்போல இருவரும் குரலை உயர்த்திவிடுவோம், பிறகு அத்தை வந்து போனை வாங்கிக்கொள்வார், ஆகவே எழுதுகிறேன். அமெரிக்கப் படையின் ரகசியத் தொழில்நுட்பத்தைப் பற்றி அந்த அதிகாரி சொல்வது உண்மையா என்பது தங்கள் முதல் கேள்வி. படையில் இருந்தவன் படையின் ரகசியத்தை வெளியே கொண்டுபோவது துரோகம்தானே என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு அதிக நேரம் தேவையில்லை. காணொளியில் வருபவர் டேவிட் குரூஷ். அமெரிக்க விமானப்படையில் உளவுப் பிரிவு அதிகாரியாக இருந்தவர். மனிதர் செய்யாத வானூர்திகள் விழுந்து நொறுங்கியபோது அவற்றை மீட்டு, பிரித்துப் பார்த்து, உள்ளிருக்கும் நுட்பத்தைக் கற்கும் ரகசியத் திட்டமொன்று பல்லாண்டுகளாக நாடாளுமன்றத்துக்கே தெரியாமல் நடந்துவருகிறது என்று, 2023 ஜூலை 26 அன்று அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியம் செய்து சொன்னார். ஆனால் அவற்றைத் தாமே கண்டதாக அவர் சொல்லவில்லை. நான்கு ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டறிந்ததாகவே சொன்னார். இடத்தையும் பெயரையும் கேட்டபோது, பொதுமன்றத்தில் சொல்ல இயலாது என்றார். 2024 மார்ச்சில் வெளிவந்த அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அறிக்கை, அப்படி ஒரு திட்டம் இருந்ததற்குச் சான்றில்லை என்று முடித்தது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை, மாமா. கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க ஒரு தாள்கூட இல்லாத குற்றச்சாட்டை நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அதனால்தான் அது நம் குடும்பக் குழு வரைக்கும் தடையில்லாமல் வந்து சேர்கிறது.

ரகசிய ஆயுதத்தைப் பற்றிச் சொன்னவர்களில் நான் நினைத்துப் பார்ப்பது மொர்தெக்காய் வனுனுவைத்தான். இஸ்ரேலின் திமோனா அணு நிலையத்தில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்த அவர், 1985இல் வேலையை விட்டு விலகுமுன் உள்ளே ரகசியமாகப் படம் எடுத்தார். அந்தப் படச்சுருள்களைக் கழுவாமலேயே பையில் வைத்துக்கொண்டு நாடு நாடாகச் சுற்றி, 1986இல் வந்து சேர்ந்த இடம் இந்த ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரம். அங்கே வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்தார். கிங்ஸ் கிராஸ் பகுதியில் உள்ள தேவாலயம் ஒன்றில் ஞானஸ்நானம் பெற்றார். வந்த புதிதில் நானும் இங்கே இரவில் கார் ஓட்டியவன் என்பதால், பின் இருக்கையில் பயணியும் பையில் அணுகுண்டின் படமுமாக ஒருவர் ஓட்டிச் சென்றிருப்பதை எண்ணினால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பிறகு அவர் லண்டன் சென்று சண்டே டைம்ஸ் இதழிடம் படங்களைக் கொடுத்தார். அணு அறிவியலாளர்கள் அவற்றைச் சோதித்துப் பார்த்த பின்னரே செய்தி 1986 அக்டோபர் 5 அன்று வெளிவந்தது. அதற்குள் இஸ்ரேலியப் பெண் உளவாளி ஒருவரின் பேச்சை நம்பி ரோம் நகருக்குப் போன அவரைக் கடத்திவிட்டார்கள். சிறையில் 18 ஆண்டுகள். அதில் 11 ஆண்டுகளுக்கு மேல் தனிமைச் சிறை. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவரை யார் தேடிப் போயிருப்பார்கள்?

இரண்டாவது கேள்வி இந்த ஊரோடு தொடர்புடையது. நாட்டின் தலைநகர் என்பதால் கான்பெரா முழுக்க முழுக்க அரசாங்க ஊர். எங்கள் தெருவிலேயே சிலர் பாதுகாப்புத் துறையில் வேலை பார்க்கிறார்கள். என்ன வேலை என்று கேட்டால் ‘அலுவலக வேலை’ என்று சிரித்துவிட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஏப்ரல் 25 அன்று விடியுமுன், கைவிரல்கள் விறைக்கும் குளிரில், போர் நினைவகத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் கூடி நின்று இறந்த வீரர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். நானும் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். அந்த மரியாதை போலியானது அன்று. அதே ஊரின் உச்ச நீதிமன்றத்தில்தான், 2024 மே 14 அன்று, படையின் ஆவணங்களைச் செய்தியாளர்களிடம் கொடுத்ததற்காக, டேவிட் மெக்பிரைட் என்ற முன்னாள் படை வழக்கறிஞருக்கு ஐந்து ஆண்டு எட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 27 மாதங்கள் கழியாமல் அவர் வெளியே வர முடியாது என்பது தீர்ப்பு. 2025 மே இறுதியில் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

அவர் 2011இலும் 2013இலும் ஆப்கானிஸ்தானில் பணியாற்றியவர். 235 ஆவணங்களை எடுத்துவந்தார். அவற்றில் 207 ‘ரகசியம்’ என்ற முத்திரையுடையவை. அவற்றைக் கொண்டு ஆஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏ.பி.சி. 2017 ஜூலையில் வெளியிட்ட செய்திகளில், ஆயுதமில்லாத ஆப்கானியர்களும் சிறுவர்களும் கொல்லப்பட்ட நிகழ்வுகள் இருந்தன. இரண்டு ஆண்டு கழித்து மத்தியக் காவல்துறை ஏ.பி.சி.யின் சிட்னி அலுவலகத்துக்குள்ளேயே சோதனைக்கு நுழைந்தது. இதில் தாங்கள் அவசியம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. மெக்பிரைட் முதலில் ஆவணங்களைத் திரட்டியது வீரர்களைக் காட்டிக்கொடுக்க அன்று. அரசியலுக்காக மேலதிகாரிகள் வீரர்களைத் தேவைக்கு மேல் விசாரித்து அலைக்கழிக்கிறார்கள் என்பதே அவருடைய மனக்குறை. ஆவணங்களைப் படித்த செய்தியாளருக்குத் தெரிந்ததோ வேறொரு கதை. கொடுத்தவர் நினைத்ததும் தாளில் இருந்ததும் ஒன்றல்ல என்றால், அவரை வீரர் என்பதா துரோகி என்பதா என்ற வழக்கில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. தாளில் இருந்தது உண்மையா என்பதே என் கேள்வி.

உண்மை என்றுதான் படையின் சொந்த விசாரணையே சொன்னது. நீதிபதி பிரெரட்டன் நான்கு ஆண்டுகள் விசாரித்த அறிக்கை 2020 நவம்பரில் வந்தது. சிறப்புப் படையைச் சேர்ந்த 25 பேர், 23 நிகழ்வுகளில், 39 ஆப்கானியர்களைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கொன்றதாகவோ அதற்குத் துணைபோனதாகவோ நம்பத்தகுந்த தகவல் உள்ளது என்றும், இவற்றில் எதுவும் சண்டையின் பரபரப்பில் நடந்தது அன்று என்றும் அது கூறியது. புதிதாக வந்த வீரனின் முதல் கொலைக்காகக் கைதியைச் சுடச் சொன்ன வழக்கமும், கொன்ற பின் சடலத்தருகே வைப்பதற்கென்றே துப்பாக்கியோ கையெறி குண்டோ வானொலிக் கருவியோ உடன் எடுத்துச் சென்ற வழக்கமும் அதில் உள்ளன.

அந்த அறிக்கையைக் கணினியில் திறந்து படித்தேன். பல இடங்களில் வரிக்கு வரி கறுப்புப் பட்டை அடித்திருக்கிறது. ஒவ்வொரு நிகழ்வையும் விவரிக்கும் இரண்டாம் பகுதி வெளியிடப்படவே இல்லை. ஓரிடத்தில், ஆஸ்திரேலியப் படை வரலாற்றிலேயே மிக இழிவான நிகழ்வு இதுவாக இருக்கலாம் என்ற வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டு, அந்த நிகழ்வு என்ன என்பதை மறைத்திருக்கிறார்கள். கொலை செய்ததாக ஒரு முன்னாள் வீரர் மீது 2023இல்தான் முதல் வழக்குத் தொடுக்கப்பட்டது. அது இன்னும் நடக்கிறது. அவருக்கு முன்பே குற்றவாளிக் கூண்டுக்கு வந்துவிட்டவர் ஆவணம் கொடுத்த வழக்கறிஞர். பொதுநலனுக்காகச் செய்தேன் என்று வாதாடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, சில ஆவணங்களை நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி அரசு வழக்கிலிருந்தே விலக்கிக்கொண்டது. அதன் பிறகு 2023 நவம்பரில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நம் இந்திய நாட்டைப் பற்றிப் பெருமை பேசவும் வழியில்லை: 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது, 2014இல் நிறைவேறிய முறைகேடு வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டமோ இன்னும் நடைமுறைக்கே வரவில்லை.

பக்கத்து வீட்டில் முல்லைத்தீவுக்காரர் ஒருவர் இருக்கிறார். அந்த 39 என்ற எண்ணை நான் கோபத்தோடு சொன்னபோது அவர் அமைதியாக, “இவங்கள் எண்ணியாவது இருக்கிறாங்கள்” என்றார். எனக்கு மேலே பேச வரவில்லை. கண்கள் கட்டப்பட்டவர்களை இராணுவ உடையில் இருப்பவர்கள் சுடும் காட்சியை 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பியபோது, இலங்கை அரசு அது ஜோடிக்கப்பட்டது என்றது, ஐ.நா. அறிக்கையாளர் அமர்த்திய வல்லுநர்கள் அது உண்மையானதாகவே தோன்றுகிறது என்றார்கள். இறுதிப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று 2011இல் ஐ.நா. குழு சொன்னதற்கு இன்றுவரை அங்கே ஒரு பிரெரட்டன் வரவில்லை. தாங்கள் அமைதிப்படையில் வவுனியாவில் இருந்த நாட்களைப் பற்றி வீட்டில் யாரிடமும் பேசியதில்லை என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன். பேசும்படி இந்தக் கடிதத்தில் கேட்கவும் இல்லை.

துரோகம் என்ற சொல்லுக்குத் திரும்புகிறேன். நம் கீழவளவுப் பக்கத்துக் கிரானைட் குவாரிகளைப் பற்றி 2012இல் மதுரை மாவட்ட ஆட்சியர் சகாயம், அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அரசுக்கே எழுதினார். சில நாட்களில் மாற்றப்பட்டார். பிறகு நீதிமன்றம் அமர்த்திய அதிகாரியாகத் திரும்பி வந்து, 2015இல் நரபலி கொடுத்ததாகச் சொல்லப்பட்ட சடலங்களைத் தோண்டும் வேலை அன்று நடக்காமல் போகவே, தடயத்தை யாரும் கலைத்துவிடக் கூடாதென்று மலம்பட்டிச் சுடுகாட்டிலேயே கட்டில் போட்டு இரவைக் கழித்தார். தாங்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, “அரசாங்க உத்தியோகத்தன்னா இப்படி இருக்கணும்டா” என்று அன்றிரவே எனக்குப் போன் செய்தீர்கள். அவர் காத்தது அரசின் மானத்தையா, தடயத்தையா என்று தாங்கள் அன்று பிரித்துப் பார்க்கவில்லை. வழக்கறிஞர் மெக்பிரைட்டுக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்? அவர் சீருடை அணிந்தவர் என்பீர்கள். ஆனால் முறையாக மேலிடத்தில் புகார் செய்தும் பயனில்லாமல் போன பிறகே வெளியே போனதாக அவர் சொல்கிறார். அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் விசுவாசம் என்றால், அந்த விசுவாசம் யாருக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு விஷயத்தில் தங்கள் அனுபவம் எனக்கு வேண்டும். படைப்பிரிவு அளவில் இருந்த மேலதிகாரிகளுக்கு இக்கொலைகள் தெரிந்திருந்ததற்குச் சான்றில்லை, பொறுப்பு மட்டுமே அவர்களுக்கு உண்டு என்று பிரெரட்டன் முடிக்கிறார். அதுதான் எனக்கு நெருடுகிறது. ஆயுதக் கிடங்கில் ஒரு தோட்டா குறைந்தால்கூட ராத்திரி முழுக்க யாரையும் தூங்கவிட மாட்டார்கள் என்று தாங்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ரோந்துக்குப் புறப்படுகிறவன் பையில் எந்தக் கணக்கிலும் இல்லாத துப்பாக்கி ஒன்று, ஒரு முறை இரு முறை அல்ல, வழக்கமாகவே இருந்திருந்தால், தங்கள் கம்பெனியில் அது சுபேதாருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? அறிக்கையின் அந்த அதிகாரத்தை மட்டும் அச்செடுத்து, ஆடியில் மதுரைக்கு வரும் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டு, காணொளியாக அனுப்பாமல், தங்கள் கையெழுத்தில் பதில் எழுதுங்கள்.

அத்தைக்கு என் வணக்கங்கள்.

தங்கள் அன்பு மருமகன்,
முருகானந்தம்