அதலைக்காய்க்கும் உழவர் சந்தையில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை கரிசல் மண்ணில் இறங்கிய சில வாரங்களில் விருதுநகர், மதுரை, தூத்துக்குடி மாவட்டச் சந்தைகளில் அதலைக்காய் தலைகாட்டத் தொடங்கிவிடும். யாரும் விதைக்காமல், மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கிலிருந்து தானாகவே துளிர்த்துப் படரும் இந்தக் கொடியைக் களையென்று பிடுங்கி எறிபவர்களும் உண்டு. பாகற்காய்க்கு உறவான அதன் சிறு காய்களுக்காக ஆண்டு முழுவதும் காத்திருக்கும் என்னைப் போன்றவர்களும் உண்டு. காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டு, நறுக்காமல் முழுதாகவே நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு வதக்கி, இறக்கும்போது வறுத்துப் பொடித்த நிலக்கடலையைத் தூவினால் வேறு தொடுகறி வேண்டியதில்லை. கசப்பைக் குறைக்க வெல்லம் சேர்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கசப்பு போய்விட்டால் பிறகு அதலைக்காய் எதற்கு?

ஆனால், இக்காய் நெடுநாள் தாங்காது. பறித்து வைத்திருந்தால் விரைவிலேயே வெடித்து விதை சிதறிவிடும் என்பதால், கமிஷன் மண்டி, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று கைமாறி வருவதற்குள் கறிக்கு ஆகாமல் போகும். பறித்தவரிடமிருந்தே வாங்கினால்தான் உண்டு. தை மாதத்தில் நெல்லைப் பக்கம் வரும் சிறுகிழங்கு இதைவிடத் தாக்குப்பிடிக்கும். தடித்த பூக்காம்புக்காகவே வளர்க்கப்படும் மூக்குத்தி அவரை, வற்றலுக்கு உதவும் மிதுக்கங்காய் ஆகியவையும் பெரிய கடைகளில் அரிதாகவே கண்ணில் படுகின்றன. விளைவித்தவரிடமே நேரில் வாங்குவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: முதன்முறையாக வாங்குபவர், எதை எப்படிச் சமைப்பது என்பதையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மண் ஒட்டிய சிறுகிழங்கை ஊறவைத்துச் சாக்கில் போட்டுத் தேய்த்தால் தோல் எளிதில் உரியும் என்பதை எனக்குச் சொன்னவர், அதை விற்ற அம்மாள்தான்.

இத்தகைய நேரடி விற்பனைக்காகவே 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் அன்றைய முதல்வர் மு. கருணாநிதி உழவர் சந்தைத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். இடைத்தரகர் இல்லாமல், மொத்த விலையைவிடக் கூடுதலாகவும் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் அன்றாடம் விலை குறிக்கப்படுவது விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் உதவியிருக்கிறது. இந்த ஏற்பாட்டைக் குறைகூறுவது என் நோக்கமன்று.

எங்கள் பகுதிச் சந்தையில் நான் காண்பதை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன். உள்ளே கடை போட அடையாள அட்டை வேண்டும். நிலமும் பயிரும் சரிபார்க்கப்பட்ட பின்னரே அது வழங்கப்படுகிறது. மக்காச்சோளக் காட்டில் தானாக முளைத்த கொடி, கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கல் எதிலும் ஏறுவதில்லை. அதைப் பறித்து வருபவர்களில் பலர் சொந்த நிலம் இல்லாத விவசாயக் கூலிப் பெண்கள்; நிலத்துக்காரர் அனுமதியோடுதான் பறிக்கிறார்கள் என்றாலும், அதற்குச் சான்று எதுவும் அவர்கள் கையில் இல்லை. எனவே, தக்காளியும் கத்தரிக்காயும் கூரைக்குக் கீழே இருக்க, அதலைக்காய் மட்டும் வாசலுக்கு வெளியே சாலையோரத்தில் சாக்கு விரித்து விற்கப்படுகிறது. விலைப் பலகையிலும் அதற்கு இடமில்லை.

அட்டை விதியைத் தளர்த்தினால் வியாபாரிகள் உழவர் என்ற பெயரில் உள்ளே நுழைந்துவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. அதற்காக விதி முழுவதையும் தளர்த்த வேண்டியதில்லை. மண்டிக்கே அதிகம் போகாத காயை வாங்கிக் குவித்து விற்க எந்த வியாபாரியும் முன்வரமாட்டார். ஆகவே அதலைக்காய், மிதுக்கங்காய் போன்ற சிலவற்றுக்கு மட்டும், ஐப்பசி முதல் தை வரை, கிராம நிர்வாக அலுவலரோ உதவி வேளாண்மை அலுவலரோ தரும் எளிய சான்றின் பேரில் தற்காலிக அனுமதி வழங்கலாம். உள்ளே நாலைந்து பேர் அமரும் இடமும், ஒரு தராசும், விலைப் பலகையில் ஒரு வரியும் போதும்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் வேளாண்மை விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை இதைப் பரிசீலித்து, கரிசல் வட்டாரத்தில் உள்ள உழவர் சந்தைகளிலாவது நடைமுறைப்படுத்த வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
விருதுநகர் மாவட்டம்.