அக்காவின் எலும்பு ஸ்கேன்

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு அப்புறம் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. பெரியக்கா விஷயத்தில் பத்து நாள் வீடே இழவு வீடாகக் கிடந்தது. இப்போதுதான் மூச்சு விடுகிறோம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அவளுக்கு 25 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்தது உனக்குத் தெரியும். ஒன்றரை வருஷம் கழித்து இடுப்பில் அப்படி ஒரு வலி. எலும்பு ஸ்கேன் எடுத்தோம். கையில் டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்தை ஊசியாகப் போட்டு, தண்ணீரைக் குடிக்கச் சொல்லி மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். ரிப்போர்ட்டில் 'பரவியிருக்கலாம்' என்று ஒரு வரி. அத்தான் சாப்பாட்டையே விட்டுவிட்டார்.

கரண்ட் வைத்த டாக்டரம்மாதான் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடுப்புக்குப் பின்னால், திரிக எலும்பில், கறுப்பாக எச் எழுத்து போல ஒன்று. "இது விரிசல் விழுகிற விதம்மா" என்றார். அதற்கு மேலே ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பு வெளுத்திருந்தது, நாலாவது எப்போதும்போல. நடுவே ஸ்கேல் வைத்து வெட்டின மாதிரி ஒரு கோடு. கரண்ட் பட்ட எல்லை அதுதானாம்.

ஊசி மருந்து போய் ஒட்டுவது எலும்பு புதிதாகக் கட்டுகிற இடத்தில். நோய் வந்தாலும் கட்டும், முறிவு கூடும்போதும் கட்டும். படத்தில் இரண்டும் கறுப்புதான். கரண்ட் பட்ட எலும்பு சில மாதங்களில் சோர்ந்து வெளுக்கும், பிறகு உடம்புப் பாரமே தாங்காமல் விரிசலும் விடும். எம்ஆர்ஐயும் விரிசல் என்றே சொல்லிவிட்டது. கரண்ட் வைத்த கதையை ஸ்கேன் எடுத்த இடத்தில் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாப்ளே, உங்கள் அப்பாவுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். முதுகெலும்பில் அவருக்குக் கரண்ட் முடிந்து இரண்டு மாசம்தானே ஆகிறது? ஹார்மோன் ஊசியும் போகிறது. இப்போதே ஸ்கேன் எடுத்தால், ஆறுகிற எலும்பே முன்னைவிடக் கறுப்பாகத் தெரியலாமாம். அதைப் பார்த்து அம்மா உடைந்துவிடக் கூடாது. புராஸ்டேட்டுக்கு ரத்தத்தில் பார்க்கிற பிஎஸ்ஏ எவ்வளவு என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல். எந்த இடத்தில், எத்தனை நாள், என்றைக்கு முடிந்தது என்று இருக்கும் கரண்ட் சீட்டையும் பழைய படங்களையும் மறக்காமல் எடுத்துப் போ. நீ ஹால் டிக்கெட்டையே மறந்து வந்தவன், அதனால் இப்போதே பையில் வைத்துவிடு.

அக்கா கைத்தடியோடு வாசல்வரை வருகிறாள். உனக்கு அதிரசம் கொடுத்தனுப்பினாயா என்று நேற்று என்னைக் கேட்டாள். அப்பாவுக்கு என்றைக்கு ஸ்கேன் என்று உடனே எழுது, நான் கிளம்பி வருகிறேன்.

உன் அன்பு மாப்ளே