மாடி போர்ஷன் வைத்திருக்கும் சாருக்கு ஒரு கடிதம்

வணக்கம் சார்,

ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருக்கும் உங்கள் மாடி போர்ஷனைப் பார்க்க ஒரு எத்தியோப்பிய மாணவரும் ஒரு தான்சானிய மாணவரும் வந்தார்கள். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டீர்கள். உண்மைக் காரணத்தைப் பிறகு புரோக்கரிடம் சொல்லியிருக்கிறீர்கள்: நைஜீரியாக்காரனுக்கு விட்டால் போதைப்பொருள், போலீஸ், ராத்திரி சத்தம், எவன் வருகிறான் எவன் போகிறான் என்றும் தெரியாது, எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு வீடு பார்ப்பதும் அவர்களுடைய பேப்பர்களைச் சரிபார்ப்பதும் எங்கள் வேலை. அதனால் "பாவம், கொடுங்க" என்று கெஞ்ச இதை எழுதவில்லை. உங்கள் பயத்தில் எது நிஜம், எது வீண், நிஜத்துக்கு என்ன ஏற்பாடு என்று சொல்லத்தான் எழுதுகிறோம்.

வந்த இருவரில் ஒருவர்கூட நைஜீரியர் இல்லை. ஆப்பிரிக்காவில் 54 நாடுகள். எத்தியோப்பியாவின் தலைநகரிலிருந்து நைஜீரியாவின் லாகோஸுக்கு இருக்கும் தூரம், சென்னையிலிருந்து துபாய்க்கு இருப்பதைவிட அதிகம். பொது அறிவுக் கேள்வி மாதிரி இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். இந்தக் குழப்பத்தில் ஆள் அடிபட்டிருக்கிறது. 2016 ஜனவரி 31 அன்று பெங்களூரில் ஒரு சூடான் மாணவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் இறந்துபோனார். சற்று நேரம் கழித்து அந்த வழியாக நண்பர்களோடு வந்த தான்சானிய மாணவியைக் கும்பல் மறித்து அடித்தது, அவர்கள் வந்த காரையும் கொளுத்தியது. இடித்தவர் வேறு நாடு, அடிபட்டவர் வேறு நாடு, இரண்டுக்கும் பொது எல்லைகூடக் கிடையாது.

"ஒரே மாதிரி இருக்கிறார்கள்" என்றீர்களே, அதில் உங்கள் கண்ணைப் பற்றிய உண்மை ஒன்று இருக்கிறது. பழகாத இனத்து முகங்களைப் பிரித்தறிவதில் எல்லா மனிதருமே தடுமாறுவார்கள். 39 ஆய்வுக் கட்டுரைகளை, ஏறக்குறைய 5,000 பேரைச் சோதித்தவற்றை, ஒன்றாக வைத்து 2001-இல் கணக்குப் பார்த்தார்கள். முன்பு பார்த்த முகத்தைச் சரியாக அடையாளம் காட்டுவது சொந்த இனம் என்றால் 1.4 மடங்கு அதிகம். பார்க்கவே பார்க்காத ஒருவரை "இவரைப் பார்த்திருக்கிறேன்" என்று தவறாகக் காட்டுவது பிற இனம் என்றால் 1.56 மடங்கு அதிகம். இரண்டாவது எண்தான் எங்களுக்குக் கவலை. கொரியாவில் பிறந்து சிறு வயதில் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துப்போனவர்களை 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் சோதித்தார்கள். பெரியவர்களான பிறகு அவர்களுக்கு வெள்ளையர் முகங்கள்தான் சுலபமாகப் பிரிந்து தெரிந்தன. ஆக இது ரத்தத்தில் வருவதில்லை, பழக்கத்தில் வருவது. வந்த புதிதில் அந்தப் பையன்களுக்கு நீங்களும் எதிர்வீட்டு மீசைக்காரரும் ஒரே ஆள்தான், சந்தேகம் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

இது தெருவில் எப்படிப் புகாராக மாறுகிறது? பழகாத கண் நிறத்தையும் முடியையும் பார்த்ததும் நின்றுவிடுகிறது. அந்த இரண்டும் அவர்கள் எல்லாருக்கும் ஏறக்குறையப் பொது, ஆளைப் பிரிக்க உதவாது. எனவே ஒருவரைப் பார்க்க வந்த இரண்டு நண்பர்கள் "அதே ஆள் மறுபடி வந்தான்" ஆகிவிடுகிறார்கள். பெண்களுக்கு நேர் எதிராக நடக்கும். ஒட்டுமுடி வைத்துப் பின்னுவது, விக் போடுவது, பின்னலை அவிழ்த்துக் குட்டையாக விடுவது எல்லாம் அவர்களுக்குச் சாதாரணம். திங்கட்கிழமை காதளவு முடி, வெள்ளிக்கிழமை இடுப்பு வரை பின்னல். கீழ்வீட்டுக்காரர் இரண்டு பெண்களை எண்ணிவிடுவார், மாதக் கடைசியில் நாலைந்து ஆகிவிடும், "புதுசு புதுசா பொண்ணுங்க வருது" என்று அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் போய் நிற்கும். அந்த வீட்டில் குடியிருப்பவர் ஒரே ஒரு பெண்.

அதனால் முடியை விட்டுவிட்டு மூக்கு, வாய், தாடை, காது, நடை, குரல் இவற்றைக் கவனியுங்கள். முதல் வாரத்திலேயே பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகுங்கள். பெயர் ஒட்டிக்கொண்ட முகம் சீக்கிரம் தனியாகத் தெரியும். கேட்டில் கேமரா வைத்திருந்தால் விளக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வருபவருக்குப் பின்னால் தெருவிளக்கு எரிந்தால் கறுத்த முகம் வெறும் நிழலாகத்தான் பதியும். கேமராப் பக்கமிருந்து முகத்தில் வெளிச்சம் விழும்படி ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்டாலே போதும். யாராவது புகார் சொன்னால் உயரம், கண்ணாடி, பை, மணி என்ன என்று கேளுங்கள். நிறத்தைத் தவிர வேறெதுவும் சொல்ல வரவில்லை என்றால் பதிவைப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

இப்போது போலீஸ் பயம். விரிவாகப் பேச வேண்டியது இதுதான், ஏனென்றால் இந்தப் பயத்தைப் பெரும்பாலும் ஓனர்களே உண்டாக்குகிறார்கள். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

ஒரு தெருவில் பத்து ஓனர்கள் மறுத்தால் பதினோராவது ஆள் கொடுப்பார். வாடகை கூடுதல், புரோக்கர் கமிஷன் இரட்டிப்பு, அக்ரிமென்ட் கிடையாது, எல்லாம் வாய்வார்த்தை. அந்த வாடகையை இரண்டு பேரால் சமாளிக்க முடியாது, ஆறு பேர் சேருவார்கள். ஆறு பேர் இருந்தால் சத்தம் வரத்தான் செய்யும், அவர்கள் திருநெல்வேலிப் பையன்களாக இருந்தாலும். அக்ரிமென்ட் இல்லாததால் முகவரிச் சான்று இல்லை. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வந்தவர் 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில், அதாவது வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில், பதிய வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட், விசா, கல்லூரி போனஃபைடு சர்டிஃபிகேட் இவற்றோடு தங்கும் இடத்துக்கான சான்றும் வேண்டும். சான்றில்லை, பதிவு தாமதம். நாளைக்கு போலீஸ் சோதனைக்கு வந்தால் "உரிய ஆவணமின்றித் தங்கியிருந்த ஆப்பிரிக்கர்கள்" என்று செய்தி வரும். இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓனர் பேப்பரைப் படித்துவிட்டு "நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்பார்.

அட்வான்ஸும் இதே கதைதான். பத்து மாத அட்வான்ஸ் கேட்டீர்களாம். 12,000 வாடகைக்கு 1,20,000. புதிதாக வந்த வெளிநாட்டு மாணவர் பாஸ்போர்ட், விசா, அட்மிஷன் கடிதம் காட்டி என்.ஆர்.ஓ. என்ற, வெளிநாட்டவருக்கான ரூபாய் வங்கிக் கணக்கைத் தொடங்கலாம், ஆனால் உள்ளூர் முகவரிச் சான்றை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்கும் வரை வெளிநாட்டிலிருந்து 1,000 டாலருக்கு மேல் வரவு வைக்கக் கூடாது, மொத்தத்துக்கு 50,000 ரூபாய் வரம்பு. ரிசர்வ் வங்கி விதி இது. முகவரிக்கு வீடு வேண்டும், வீட்டுக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு முகவரி வேண்டும். சுற்றிச் சுற்றி அலைந்துவிட்டு யாரிடமாவது ரொக்கமாகக் கைமாற்று வாங்கிக்கொண்டு வருவார்கள். கட்டுக்கட்டாக ரொக்கம் கொண்டுவருகிறானே என்று அதற்கும் ஒரு சந்தேகம் வரும். மூன்று மாதம் என்றால் 36,000, அந்த வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும், வேறு விதமாக ஒப்பந்தம் செய்யாத பட்சத்தில், மூன்று மாத வாடகையைத்தான் முன்பணமாகச் சொல்கிறது.

உங்கள் தரப்பில் செய்ய வேண்டியது அதிகமில்லை. சி ஃபார்ம் என்று எல்லாரும் சொல்லும் தகவல் படிவத்தை, வெளிநாட்டவர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. இணையதளத்தில் கொடுக்க வேண்டும். 1946-ஆம் வருடச் சட்டம் போய் 2025 செப்டம்பர் 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் இடம் கொடுப்பவர் தகவல் தர வேண்டும் என்பது மாறவில்லை. பலரும் சறுக்குவது இங்கேதான்: முதலில் ஓனர் தன் பெயரில் அந்தத் தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டும், அடையாள அட்டையும் வீட்டு முகவரியும் பதிய வேண்டும், அவர்கள் அதைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். சாவி கொடுத்த பிறகு தொடங்கினால் 24 மணி நேரம் அதிலேயே கரைந்துவிடும். கணக்கு முதலில், சாவி அப்புறம்.

அடுத்த தடங்கல் பெயர். எத்தியோப்பியரின் பெயரில் இரண்டாவதாக இருப்பது அப்பா பெயர், நம் இனிஷியலை விரித்து எழுதின மாதிரி. குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. சூடான்காரர்களுக்கு அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா வரை நாலு பெயர் வரும். எது முன்னால் எது பின்னால் என்று நீங்களாக முடிவு பண்ண வேண்டாம். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே போடுங்கள். எண்ணில் ஆங்கில ஓ எழுத்தையும் பூஜ்யத்தையும் மாற்றி அடிப்பதும், இந்தியா வந்த தேதியையும் உங்கள் வீட்டுக்கு வந்த தேதியையும் குழப்புவதும் அடிக்கடி நடக்கும்.

போதைப்பொருள் பயத்துக்கு முகத்தைப் பார்த்து முடிவெடுக்க வழியில்லை, பேப்பரைப் பார்த்து எடுக்கலாம். ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள், ஜெராக்ஸை அல்ல. மாணவர் விசாதானா, எந்தத் தேதி வரை. போனஃபைடு சர்டிஃபிகேட்டில் இருக்கும் எண்ணுக்குப் போன் போடாமல், கல்லூரி இணையதளத்தில் வெளிநாட்டு மாணவர் பிரிவின் எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டு, இந்தப் பெயரில் இந்த வருடம் படிக்கிறாரா என்று கேளுங்கள். இதையெல்லாம் கேட்டால் நிஜ மாணவர் முகம் சுளிக்க மாட்டார், அவருக்குப் பழகிப்போனதுதான். நாடு எதுவானாலும், பேப்பர் காட்டத் தயங்குபவருக்கு வீடு கொடுக்காதீர்கள் என்றுதான் நாங்களும் சொல்வோம். உள்ளூர்ப் பையன்களிடம் ஆதார் நகல்கூட வாங்காத ஓனர்கள் நிறையப் பேர், அது தனிக் கதை.

வீட்டில் அம்மா மாமிச வாசனைக்குப் பயப்படுகிறார்களாம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும், ஈஸ்டருக்கு முன் 55 நாளும் விரதம். கறி, முட்டை, பால் எதுவும் தொடமாட்டார்கள். வந்தவர் அப்படியா என்று கேட்டாலே தெரிந்துவிடும், நாடு ஒன்று என்பதால் எல்லாரும் அந்த மதம் என்றும் இல்லை. தான்சானியப் பையனின் உகாலி மக்காச்சோள மாவுக் களி, அதில் வாசனையே கிடையாது. உலர்ந்த மீன், இறால் தூள் போட்டுச் சமைக்கிறவர்களும் உண்டு. நம் கருவாட்டுக்கு எது உதவுமோ அதுவே அதற்கும் உதவும், எக்ஸாஸ்ட் ஃபேன். சைவம் மட்டும் என்றால் முதலிலேயே சொல்லி அக்ரிமென்டில் எழுதுங்கள். ஆளைப் பார்த்து விதி போடாமல், விதியைச் சொல்லிவிட்டு ஆளைப் பாருங்கள்.

கொடுப்பதாக இருந்தால் 11 மாத அக்ரிமென்ட், இருவர் பெயரும் அதில் வரட்டும். ஒருவர் பெயரில் எழுதி மற்றவரை "கூட இருப்பவர்" ஆக்கினால் அந்த இரண்டாம் ஆளுக்கு மறுபடி முகவரிச் சான்று இல்லாமல் போகும். வாடகை அதிகாரியிடம் பதிய 90 நாள் அவகாசம் இருக்கிறது. இரவு தங்கும் விருந்தினர் எத்தனை பேர், எத்தனை நாள் என்று எண் போட்டே எழுதுங்கள். வெளிநாட்டு விருந்தினர் என்றால் அவருக்கும் தனி சி ஃபார்ம் உண்டு என்பதைப் பையன்களிடம் சொல்லிவையுங்கள். மோட்டார் போடும் நேரம், குப்பை வண்டி வரும் நேரம், பத்து மணிக்கு மேல் பாட்டு கூடாது என்பது, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி மாடிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். தமிழில் அதட்டினால் அவர்களுக்குக் கோபம் மட்டும்தான் புரியும். கீழ்வீட்டுக்காரரிடம் குடிவரும் முன்பே இருவரையும் கூட்டிப்போய்ப் பெயர் சொல்லி அறிமுகம் செய்துவையுங்கள், பிறகு புகார் வந்தால் "மாடி ஆப்பிரிக்காக்காரன்" என்று வராது, பெயரோடு வரும், விசாரிக்கவும் சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு இருவரையும் ஒரிஜினல் பேப்பர்களோடு வரச் சொல்லியிருக்கிறோம். எஃப்.ஆர்.ஆர்.ஓ. கணக்குத் தொடங்க உங்கள் ஆதாரும் வீட்டு வரி ரசீதும் எடுத்து வையுங்கள். பார்த்துவிட்டு வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கே நேரில் சொல்லிவிடுங்கள் சார், அவர்களுக்கு 14 நாளில் ஐந்து நாள் ஏற்கெனவே போய்விட்டது.