சால்மன் தட்டு பற்றி அப்பா எழுதுவது

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில், "கிறிஸ்துமஸுக்கு 12 பேர் வருகிறார்கள், ஸ்டார்ட்டருக்கு ஸ்மோக்டு சால்மன் வைக்கலாமா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள், பேச்சு திரைச்சீலைக்குப் போய்விட்டது. கிறிஸ்துமஸ் அன்று அவளுடைய சமையலறையில் எனக்கென்று இருந்த ஒரே இலாகா இந்தத் தட்டுதான். அதனால் இதை நானே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இதில் உனக்குச் சமையல் வேலை கிடையாது. சால்மன் மீனை உப்பில் ஊறவைத்துப் புகை போட்டு ஒருவர் ஏற்கெனவே எல்லாம் செய்துவிட்டார். குளிராக வைத்திருப்பது, ஈரம் படாமல் பார்ப்பது, கடைசி நேரத்தில் அடுக்குவது, இவ்வளவுதான் உன் பங்கு. நான் கெடுத்ததெல்லாம் இதைவிட அதிகமாகச் செய்யப் போய்த்தான். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு வருடம், காலை ஒன்பது மணிக்கே எல்லாவற்றையும் அடுக்கி முடித்துப் பெருமையாக நின்றேன். மீன் மேல் எலுமிச்சை வேறு பிழிந்து வைத்தேன். மதியம் பார்த்தால் டோஸ்ட் நமுத்துப்போய்த் துணி மாதிரி தொங்குகிறது, புளிப்பு பட்ட இடத்தில் மீன் வெளுத்துக் கிடக்கிறது. போதாததற்கு க்ரீம் சீஸில் உப்பும் போட்டிருந்தேன். அம்மா ஒன்றை வாயில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தண்ணீர்க் குடத்தைப் பார்த்தாள்.

வாங்கும்போது பாக்கெட்டைப் படித்துப் பார். புகை போடுவதில் இரண்டு விதம். குளிர்ப்புகையில் சூடு 30 டிகிரியைத் தாண்டாது. மீன் வேகாமல், பட்டுபோல வழவழப்பாக, மெல்லிய ஏடுகளாக வரும். சூட்டுப்புகையில் மீன் வெந்துவிடும், தொட்டால் உதிரும். சுற்றவும் மடிக்கவும் முதல் வகைதான் தோது. இரண்டாவதை உதிர்த்து க்ரீம் சீஸோடு பிசைந்து ரொட்டியில் தடவலாம். பக்கத்திலேயே கிராவ்லாக்ஸ் என்று ஒன்று இருக்கும். அது ஸ்காண்டிநேவிய முறை. உப்பு, சர்க்கரை, டில் இலை சேர்த்துப் பதப்படுத்தியது, புகையே கிடையாது. அதுவும் ருசிதான், ஆனால் நீ கேட்டது அதுவல்ல.

பின்னால் விருந்து இருப்பதால் ஆளுக்கு 4 துண்டு போதும். 12 பேருக்கு 48. துண்டுக்கு 10 கிராம் மீன் என்றால் அரை கிலோ, 250 கிராம் க்ரீம் சீஸ். உறைந்த பாக்கெட் என்றால் 23-ஆம் தேதி இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடு. அவசரப்பட்டு வெளியே வைத்து இளக்காதே.

இரண்டு வகை போதும். ஐந்தாறு வகை செய்கிறேன் என்று இறங்கினால் விருந்தினர் வரும்போது நீ ஏப்ரனோடு நிற்பாய்.

ஒன்று வெள்ளரிக்காய். ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வட்டமாக நறுக்கி, சுத்தமான துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடு. உப்பு தூவாதே, தண்ணீர் விட்டுவிடும். க்ரீம் சீஸில் எலுமிச்சைத் தோலை மட்டும் துருவிப் போடு. வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும். மிளகுத்தூள், நறுக்கிய டில், அவ்வளவுதான். இதை முந்தின நாளே கலந்து வைக்கலாம். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு டீஸ்பூன் வைத்து, சால்மனை நீளவாக்கில் கீறி ரிப்பன் மாதிரி சுருட்டி மேலே உட்கார வை. பார்க்க ரோஜா மாதிரி இருக்கும். வராவிட்டால் மடித்துப் போடு, யாரும் கேட்கப்போவதில்லை. மேலே இரண்டு கேப்பர்ஸ், அதாவது ஊறுகாய் போட்ட சின்னப் பூமொட்டு. அதுவும் உப்பில் ஊறியது, கழுவிவிட்டுப் போடு.

இன்னொன்று சுருள். இதை 24-ஆம் தேதி சாயங்காலமே செய்துவிடலாம் என்பதுதான் இதன் அருமை. டார்ட்டில்லா (சப்பாத்தி மாதிரி மெல்லிய ரொட்டி) மேல் ஓரம் வரை க்ரீம் சீஸ் தடவி, டில்லைத் தாராளமாகத் தூவி, சால்மன் ஏடுகளைப் பரப்பி இறுக்கிச் சுருட்டு. பிளாஸ்டிக் தாளில் மிட்டாய் மாதிரி முறுக்கி ஃப்ரிட்ஜில் வை. குறைந்தது 2 மணி நேரம் இறுகினால்தான் வெட்டும்போது பிதுங்காது. மறுநாள் ஈரக் கத்தியால் 2 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டு. வெள்ளைக்கு நடுவே பச்சையும் சிவப்பும் தெரியும். கிறிஸ்துமஸ் நிறத்துக்கு வேறு அலங்காரமே வேண்டாம்.

வெள்ளரித் துண்டுகளைப் பெரிய தட்டில் வட்டமாக அடுக்கி, இடையிடையே டில்லைச் செருகினால், கதவில் மாட்டும் கிறிஸ்துமஸ் வளையம் போலவே இருக்கும். (மலர்வளையம் என்று எழுத வந்தேன். துக்க வீட்டு ஞாபகம் வந்தது, அடித்துவிட்டேன்.) எலுமிச்சையைக் கீற்றாக ஓரத்தில் வை. பிழிய வேண்டியவர்கள் பிழிந்துகொள்ளட்டும்.

இப்போது முக்கியமான விஷயம். அண்ணி மாசமாக இருக்கிறாள், உன் மாமியாருக்கும் 70 தாண்டிவிட்டது. குளிர்ப்புகை மீன் வேகாத மீன் என்று சொன்னேன் இல்லையா? அதில் லிஸ்டீரியா என்ற கிருமி இருக்க வாய்ப்புண்டு, அது ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரக்கூடியது. நமக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. வயிற்றுப் பிள்ளைக்கும் வயதானவர்களுக்கும் ஆபத்து. அதற்காக அவர்களைப் பட்டினி போட வேண்டாம். 6 முட்டையை அடித்து, கொஞ்சம் க்ரீம் சீஸும் நறுக்கிய சால்மனும் கலந்து, 12 குழி மஃபின் தட்டில் ஊற்றி 180 டிகிரியில் 20 நிமிடம் சுடு. நடுவில் ஆவி பறக்கச் சூடாகியிருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் 74 டிகிரி பார். இதை எல்லோருக்கும் பொதுவாக வை. அண்ணிக்கு மட்டும் தனித் தட்டு என்றால் அவளுக்கே சங்கடமாக இருக்கும். ஆனால் எதில் வேகாத மீன் என்பதை அவளிடமும் மாமியாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடு.

ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் மீன் கெடாமலிருக்கத்தான் உப்பும் புகையும் போட்டார்கள், அப்புறம் வெளியே இருந்தால் என்ன என்று நீ கேட்பாய். அந்தக் காலத்து மீன் ஏகப்பட்ட உப்பு, நன்றாகக் காய்ந்தது. இப்போதைய மீன் ருசிக்காக லேசாகப் பதப்படுத்தியது, அதனால் குளிர் கட்டாயம். முதலில் பாதியை மட்டும் மேஜைக்குக் கொண்டுபோ. மீதி ஃப்ரிட்ஜில், 5 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும். 2 மணி நேரம் வெளியே இருந்தது மிஞ்சினால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடு. காலித் தட்டைக் கழுவாமல் அதன் மேலேயே புதிதாக அடுக்காதே.

டோஸ்ட் வைத்தே ஆகவேண்டும் என்றால் நன்றாக மொறுமொறுப்பாகச் சுட்டு, ஆறவிட்டு, வெண்ணெய் தடவு. ஈரம் உள்ளே இறங்காமல் அது தடுக்கும். அடுக்குவது பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்னால்தான். ஒன்பது மணிக்கு அல்ல.

சுருளை வெட்டும்போது இரண்டு முனையும் கோணலாக வரும், அதைத் தட்டில் வைக்க முடியாது. நான் வெட்டும்போது ஸ்டூல் போட்டு ஏறி நின்று அந்த ஓரத்துண்டுகளுக்காகக் காத்திருப்பாய், ஞாபகம் இருக்கிறதா? இரண்டு சுருளுக்கு நாலு ஓரம். மூன்று உனக்கு, ஒன்று எனக்கு என்பது நம் கணக்கு. இந்த முறை என் பங்கையும் நீயே சாப்பிட்டுவிடு. அம்மாவிடம் சொல்லாதே, சமைக்கும்போது தின்பது அவளுக்குப் பிடிக்காது.

அன்புடன்,
அப்பா