மடத்து நந்தவனத்தில் கலைவிழா: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் பெரும்பாலும் கலைவிழாவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இந்த ஆண்டு நம் உழைப்பெல்லாம் அதற்கே போனது.

மார்கழியில் நடத்துவதாகத்தான் தீர்மானம். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அதன் பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம். வீட்டுக்குள் புகுந்த சேற்றை வாரிக்கொண்டிருப்பவர்களிடம் போய் விழா அழைப்பிதழை நீட்ட யாருக்கும் மனம் வரவில்லை. மாசிக்குத் தள்ளினோம். அதிலும் ஒரு வசதி இருந்தது. பங்குனி பிறந்துவிட்டால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து தொடங்கிவிடும்; அப்புறம் நம் விழாவில் ஆட நல்ல ஜமா, அதாவது கூத்துக் குழு, கிடைப்பது கஷ்டம்.

நந்தவனத்தைத் திறந்துவிட்ட மடத்தாருக்கு நம் நன்றி. தமிழறிஞர் ஞானியாரடிகள் சொற்பொழிவாற்றிய திருப்பாதிரிப்புலியூரில், மடத்தில் ஊர் கூடித் தமிழ் கேட்பது புதிதல்ல. அப்பர் இவ்வூரில் பாடிய 'ஈன்றாளுமாய்' பதிகத்தை ஓதுவார் பாட, விழா தொடங்கியது.

கைவினைக் கண்காட்சியை மண்டபத்துக்குள் மேசை போட்டு வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். மரத்தடியிலேயே இருக்கட்டும், செய்பவர்களும் உட்கார்ந்து செய்யட்டும் என்று முடிவெடுத்தோம். அது எவ்வளவு சரி என்பது முதல் நாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. வண்டிப்பாளையத்திலிருந்து வந்த பொம்மைக் கலைஞர்களைச் சுற்றிப் பள்ளிப் பிள்ளைகள் குந்திக்கொண்டார்கள். அச்சின் இரண்டு பாதியிலும் களிமண்ணை அழுத்தி ஒட்டி எடுத்த பிள்ளையாருக்கு விலாவில் ஒரு கோடு விழுந்திருக்கும். ஓர் அம்மா ஈரத் துணியை ஆள்காட்டி விரலில் சுற்றி, அந்தக் கோட்டைத் தடவித் தடவியே இல்லாமல் ஆக்கினார். அடியில் எதற்கு ஓட்டை என்று ஒரு பையன் கேட்டான். "உள்ளே இருக்கிற காத்து போக வழி வேணும் தம்பி, இல்லன்னா சூளையில வெடிச்சிடும்" என்றார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மையிடம் அந்தக் கேள்வியை யார் கேட்டிருப்பார்கள்?

வில்லியனூர் சுடுமண் சிற்பங்களும் வந்திருந்தன. புவிசார் குறியீடு பெற்ற கலை அது. விற்ற பணம் முழுவதும் கலைஞர்களுக்கே போனது. சங்கம் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. ஆனால் கொலுவுக்கு இன்னும் நாளிருக்கிறதே என்று பொம்மை வாங்காமல் போனவர்கள் நிறையப் பேர். இது எனக்குப் பெரிய வருத்தம். நம் உறுப்பினர்களாவது நவராத்திரிக்கு அவர்களிடமே போய் வாங்க வேண்டும்.

இனி கூத்து. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டிலிருந்தே உள்ள விதி. விடிய விடிய ஆடும் 'கர்ண மோட்ச'த்தை மாலையிலேயே தொடங்கிப் பத்துக்குள் முடிக்க வேண்டியிருந்தது. மைக்கே வேண்டாம் என்றார் ஜமா வாத்தியார். மேலே மைக் தொங்கினால் பாடுகிறவர் அதன் கீழேயே நின்றுவிடுகிறார், களரி (கூத்தாடும் இடம்) சுருங்கிவிடுகிறது என்பது அவர் சொன்ன காரணம். எங்களில் பலருக்குப் பயம்தான். ஆனால் முகவீணையும் மத்தளமும் எழும்பியதும் சனம் தானாக முன்னே நகர்ந்து வந்து உட்கார்ந்தது. போருக்குப் புறப்படும் கர்ணனை அவன் மனைவி பொன்னுருவி மறிக்கும் தர்க்கத்தில், இருவரும் களரியின் இரு கோடிக்கும் போய்ப் போய்த் திரும்பினார்கள். அடவில் கர்ணன் சுழன்றபோது தோளில் கட்டும் புஜக்கட்டையில் பதித்த கண்ணாடித் துண்டுகளிலிருந்து வெளிச்சம் மாமரத்து இலைகளில் ஓடியது. பகலில் அதே கட்டைகளைப் பிள்ளைகள் கையில் வாங்கிப் பார்த்திருந்தார்கள். கல்யாண முருங்கை மரத்தில் செய்வதால்தான் அவ்வளவு கனமில்லாமல் இருக்கிறது. இரவெல்லாம் தோளில் சுமந்து ஆட வேண்டுமே.

குறைகளையும் சொல்ல வேண்டும். குடிநீர் மத்தியானத்திலேயே தீர்ந்தது. பெண்களுக்கான கழிப்பறை போதவில்லை. வேஷம் கட்ட ஜமாவுக்குக் கொடுத்த இடத்தில் வெளிச்சம் குறைவு. அரிதாரம் பூச டார்ச் பிடிக்க வேண்டியிருந்தது. இவை மூன்றுக்கும் அடுத்த ஆண்டு முதலில் பணம் ஒதுக்க வேண்டும்.

அடுத்த விழாவிலும் கூத்து மைக் இல்லாமலே நடக்க வேண்டும், ஜமாவுக்குப் பாதிச் சம்பளத்தை முன்பணமாகத் தைக்குள் கொடுத்துவிட வேண்டும் என்ற இரு தீர்மானங்களை முன்வைக்கிறேன். உறுப்பினர்கள் ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்